பஞ்ச காலத்தில் காட்டுச் செடிகள் உயிர் காக்குமா?

கேள்வி: மழை பொய்த்த காலங்களில் காட்டுக் கீரை, கிழங்கு, விதை ஆகியவற்றை உண்டே மக்கள் உயிர் பிழைத்தார்கள் என்கிறார்களே, அது உண்மையா? கசப்பு நீங்கும்வரை வேகவைத்தால் எதையும் உண்ணலாமா?

பதில்: உயிர் பிழைத்தது உண்மைதான். 1984-85 பஞ்சத்தில் சூடானின் டார்ஃபூர் பகுதி மக்கள் பலருக்கு ‘முக்கெய்ட்’ என்னும் காட்டுப் புதரின் விதை பெருந்துணையாக இருந்தது. ஆனால், வறட்சியிலும் பசுமை மாறாமல் நிற்கும் அந்தப் புதரின் விதையை அப்படியே தின்ன முடியாது. அடிக்கடி நீரை மாற்றிப் பல நாள்கள் ஊறவைத்து, கசப்பு இறங்கிய பிறகே வேகவைக்க வேண்டும். குடிநீருக்கே தவிக்கும் வேளையில் ஊறவைக்கவும் குடம் குடமாகத் தண்ணீர் தேவைப்படுவது பெருங்கொடுமை. காட்டு உணவைப் புகழ்வோர் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

கீரைகள் உயிர்ச்சத்து தரும், பசியாற்றா. 100 கிராம் பருப்புக்கீரையில் ஏறத்தாழ 20 கலோரிதான் உள்ளது. ஒருவரின் ஒரு நாள் தேவையான சுமார் 2,100 கலோரியை அதிலிருந்தே பெற வேண்டுமானால் 10 கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். ஆகவே, உடலுக்குத் தெம்பு தருபவை விதைகளும் கிழங்குகளுமே. நஞ்சு மிகுந்திருப்பதும் பெரும்பாலும் அவற்றில்தான்.

கசப்பு போனால் நஞ்சும் போய்விடும் என்று நம்ப வேண்டாம். வறட்சியைத் தாங்கி விளையும் கேசரிப் பருப்பு நாவுக்கு உறுத்தாது. ஆயினும், வேறு உணவின்றி அதையே மாதக்கணக்கில் உண்டவர்களின் கால்கள் முடங்கியிருக்கின்றன. அதைப் போலவே பயிராக வளர்க்கப்படும் மரவள்ளியிலும் இதே ஆபத்து உண்டு. நீர் குறைந்தால் அதன் கிழங்கில் சயனைடு தரும் பொருள் கூடுகிறது. கசப்பு வகைக் கிழங்கைத் துருவி வைக்காமலும் ஊறவைக்காமலும் துண்டுகளாக வேகவைத்தால், அந்தப் பொருளைச் சிதைக்கும் நொதி சூட்டில் அழிந்துவிடுவதால், நஞ்சின் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். 1981 வறட்சியின்போது மொசாம்பிக்கின் நம்புலா பகுதியில், பசியின் அவசரத்தில் சரியாகப் பதப்படுத்தாத மரவள்ளியை உண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், கால் செயலிழந்தார்கள்.

எனவே, செடியை அடையாளம் காண்பது மட்டும் போதாது. அதைப் பக்குவப்படுத்தும் முறையை அறிந்த முதியவர்களிடம் பஞ்சம் வருவதற்கு முன்பே கேட்டு எழுதி வைக்க வேண்டும். எந்த ஒன்றையும் முழு உணவாக்காமல், கிடைக்கும் தானியத்தோடு சிறிதளவாவது கலந்து உண்ண வேண்டும். நடையில் தளர்ச்சியோ கால் விறைப்போ தெரிந்தால் அந்த உணவை அன்றே நிறுத்திவிட வேண்டும். இந்த முடக்கத்தைக் குணப்படுத்தும் மருந்து இல்லை.