நோயோடு ஒரு நாள் நன்றாகப் போக: தாதி அக்காவிடம் கேள்வி பதில்

நான் ஓய்வுபெற்ற தாதி. சிங்கப்பூரில் வீடு வீடாகப் போய் அந்திமகாலப் பராமரிப்பு பார்த்ததுதான் என் வேலை. கடுமையான நோயோடு இருக்கிறவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் கேட்ட சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மருந்தின் அளவும் உணவுக் கட்டுப்பாடும் ஆளுக்கு ஆள் மாறும். அவற்றை உங்கள் மருத்துவக் குழுவிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தெம்பனிஸ், 54 வயதுப் பெண்: மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "பாசிட்டிவா இரு, அதுவே பாதி மருந்து" என்கிறார்கள். அழுதால் நோய் கூடிவிடுமோ என்று பயமாக இருக்கிறது அக்கா.

அழுகை வந்தால் அழுங்கள். அதனால் நோய் கூடாது. தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஜேம்ஸ் கோய்ன் குழுவினர் 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மனம் நன்றாக இருந்தவர்கள் அதனால் கூடுதல் காலம் வாழ்ந்ததாக அதில் தெரியவில்லை. புற்றுநோயாளிகளின் மனநலத்தை ஒரு தனித் துறையாக வளர்த்தவர் நியூயார்க் மருத்துவர் ஜிம்மி ஹாலண்ட். "பாசிட்டிவாகவே இரு" என்று நோயாளியை நெருக்குவதை அவர் கொடுங்கோன்மை என்றே சொன்னார். நோயில் கிடப்பவர் மேலேயே நோய்க்கான பழியையும் சுமத்துகிற பேச்சு அது.

இது தெரிந்துவிட்டால் ஒரு நிம்மதி. சந்தோஷமாக இருப்பது உங்கள் வேலை இல்லை. சிரிப்பு வந்தால் சிரியுங்கள், வராவிட்டால் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாம்.

அப்புறம், பார்க்க வருகிறவர்களுக்கு ஏதாவது வேலை கொடுங்கள். "வரும்போது தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை வாங்கி வாங்க, இங்கேயே உட்கார்ந்து ஆய்ந்து கொடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். கைக்கு வேலை இருந்தால் வாய் அறிவுரை சொல்வது குறையும். பேச்சும் கீரை விலை, பிள்ளைகள் கதை என்று இயல்பாகப் போகும்.

அங் மோ கியோ, மனைவி: என் கணவருக்கு மார்ஃபின் என்ற வலி மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தால் தூங்கியே கிடப்பாரே சிஸ்டர், விழித்திருக்கும் கொஞ்ச நேரமும் போய்விடுமே என்று வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

தயவுசெய்து பொறுக்கச் சொல்லாதீர்கள். வலியோடு இருக்கிற மனிதருக்குப் பேரப்பிள்ளை மடியில் உட்கார்ந்தாலும் எரிச்சல்தான் வரும். நான் பார்த்த வீடுகளில் பாட்டு, பூ, பேச்சு எல்லாவற்றுக்கும் முன்னால் சரியாக வேண்டியிருந்தது வலி.

மார்ஃபின் தொடங்கும்போதும், அளவைக் கூட்டும்போதும் சில நாள் மயக்கம் இருக்கும். பலருக்கு அது தானாகக் குறைந்துவிடும். குறையாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, எழுப்பக் கஷ்டமாக இருந்தாலோ உடனே உங்கள் குழுவை அழையுங்கள். அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றவும் வழி உண்டு. மலச்சிக்கல் மட்டும் தானாகப் போகாது. அதற்குக் கொடுக்கும் மருந்தை முதல் நாளிலிருந்தே விடாமல் கொடுங்கள். வயிறு இறுகினால் அன்றைய நாளே கெட்டுப்போகும்.

இன்னொன்று, பலர் கேட்பதே இல்லை. இடையில் வலி வந்தால் கொடுக்க என்று ஒரு கூடுதல் வேளை மருந்து எழுதியிருப்பார்கள். வாய்வழி திரவ மார்ஃபின் வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். குளிப்பாட்டுவதற்கு முன், கீழே அழைத்துப் போவதற்கு முன், பேரன் வருவதற்கு முன் அதைக் கொடுக்கலாமா என்று தாதியிடம் கேளுங்கள். மருந்து நேரத்தையும் நல்ல நேரத்தையும் இப்படிச் சேர்த்துவிட்டால் அவர் அந்த நேரத்தில் முழுசாக உங்களோடு இருப்பார்.

ஈசூன், மகன்: அப்பாவுக்கு நாள்பட்ட நுரையீரல் நோய். தினமும் கீழே கோப்பிக்கடையில் கூட்டாளிகளோடு உட்காருவார். இப்போது மின்தூக்கி வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. கோப்பியை வீட்டுக்கு வாங்கி வந்தால் தொடமாட்டேன் என்கிறார்.

தம்பி, அவருக்கு வேண்டியது கோப்பி இல்லை, அந்த மேசை. அதனால் அவரையே கீழே கொண்டுபோகப் பாருங்கள்.

சக்கர நாற்காலியில் போகலாம். "நான் என்ன நொண்டியா" என்று கத்துவார். நடக்கிற மூச்சை மிச்சம் பிடித்தால் பேசுவதற்கு ஆகும் என்று சொல்லுங்கள். பிடிவாதக்காரர்கள் பலரிடம் இந்தக் கணக்கு எடுபட்டதைப் பார்த்திருக்கிறேன். காலைக் கூட்டம் கலைந்து மதியக் கூட்டம் வருவதற்கு முன், பத்து மணி வாக்கில் போங்கள். அன்று காலையில் குளியல் வேண்டாம், மாலைக்குத் தள்ளுங்கள். குளியலும் வெளியே போவதும் ஒரே காலையில் என்றால் இரண்டுமே கெட்டுவிடும்.

கையில் பிடிக்கிற சின்ன பேட்டரி மின்விசிறி ஒன்று வாங்கிக் கொடுங்கள். விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும், ஆனால் இதற்கு ஆய்வே இருக்கிறது. 2010-இல் கேம்பிரிட்ஜில் செய்து பார்த்தார்கள். விசிறியை முகத்துக்கு நேரே காட்டியபோது மூச்சுத்திணறல் குறைந்தது, காலில் காட்டியபோது அப்படிக் குறையவில்லை. மூக்கு, கன்னம், மேலுதடு பக்கம் காற்று படும்படி ஒரு சாண் தூரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள்.

கடையில் பணம் அவரே கொடுக்கட்டும். முடிந்தால் கூட்டாளிக்கும் சேர்த்து அவரே கொடுக்கட்டும்.

வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. அது ஓடுகிற அறையில் சாமி விளக்கு, சூடம், ஊதுபத்தி எதுவும் கூடாது. சாமி அறை தனியாக இல்லாத வீட்டில் மின்விளக்குக்கு மாறிவிடுங்கள். கடையிலும் சிகரெட் பிடிப்பவர் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள்.

உட்லண்ட்ஸ், டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெண்: சாப்பாட்டில்தான் எனக்குச் சந்தோஷமே. இப்போது தண்ணீர்கூட அளந்து குடிக்க வேண்டும். என்ன மிச்சம் இருக்கிறது அக்கா?

குறைந்துதான் போயிருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். மிச்சம் இருப்பதை நன்றாகச் செய்துகொள்ளலாம்.

தாகத்தைக் கிளப்புவது உப்பு. தண்ணீரோடு சண்டை போடுவதற்கு முன் ஊறுகாய், அப்பளம், கருவாடு, உடனடி நூடல்ஸ் இவற்றோடு சண்டை போடுங்கள். உப்பு குறைந்த சமையலில் தாளிப்பும் எலுமிச்சையும் பச்சைமிளகாயும்தான் ருசியைத் தாங்கும். தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) வேண்டும் என்றால் பெரிய கிளாஸில் பாதி வாங்காதீர்கள், பார்க்கவே ஏக்கமாக இருக்கும். சின்ன டம்ளரில் தளும்பத் தளும்ப ஊற்றி, உட்கார்ந்து குடியுங்கள். அது அன்றைய அளவில் சேரும் என்பதை மறக்க வேண்டாம். இளநீர், வாழைப்பழம் இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், உங்கள் உணவியல் நிபுணரைக் கேட்காமல் வேண்டாம். நட்சத்திரப் பழத்தை மட்டும் ஒரு துண்டுகூடத் தொடாதீர்கள். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அது நரம்பைத் தாக்கும். விடாத விக்கலில் தொடங்கி, வலிப்பு, உயிராபத்து வரை போகும். பழச்சாறு கலவையிலும் அது இருக்கலாம், கேட்டுக் குடியுங்கள்.

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் நாற்காலியில் போகிறதல்லவா? ஒரு கையை அசைக்க முடியாது, புத்தகம் பிடிப்பது கஷ்டம். காதில் மாட்டிக்கொண்டு ஒலி 96.8 தமிழ் வானொலி கேட்கலாம். தொடர்கதை ஒன்றை டயாலிசிஸ் நாளில் மட்டும்தான் கேட்பது என்று வைத்துக்கொண்டவர்கள் உண்டு. அடுத்து என்ன ஆகும் என்று அறிய அங்கே போகத்தானே வேண்டும்! குளிரும், ஒரு போர்வை எடுத்துப் போங்கள்.

செங்காங், மகள்: அம்மா புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சையில் இருக்கிறார். தினமும் மல்லிகை வைத்தவர். பூ வாங்கிக் கொடுக்கலாமா?

முதலில் அவரைக் கேளுங்கள். கீமோ நாட்களில் பிடித்த வாசனையே குமட்டலாம். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் பூவும் தொட்டி மண்ணும் வேண்டாம் என்று சில வார்டுகளில் சொல்வார்கள். ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கும் வாரத்தில், மருத்துவர் சரி என்றால், ஒரு முழம் வாங்கிக் கொடுங்கள். முடி கொட்டியிருந்தால் தலையணை ஓரத்திலோ கையிலோ சுற்றிக்கொள்ளலாம்.

தோ பாயோ, 61 வயது ஆண்: எதிலும் பிடிப்பில்லை. பழைய பாட்டு போட்டாலும் எரிச்சல். பேத்தி வந்தாலும் எப்போது போவாள் என்று இருக்கிறது. நன்றியுணர்வு நாட்குறிப்பு எழுதச் சொல்கிறாள் மருமகள்.

அண்ணே, நாட்குறிப்பை மூடி வையுங்கள். நீங்கள் சொல்வது சின்னச் சின்ன சந்தோஷத்தால் தீர்கிற விஷயம் மாதிரி எனக்குத் தெரியவில்லை. பிடித்தது எதுவுமே பிடிக்காமல் போய், அது இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் நீடித்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். "இவ்வளவு பெரிய நோய் வந்தால் அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள், சில நேரம் மருத்துவமனையிலும்தான். அப்படி விடக் கூடாது. உடல் நோய் குணமாகாத நிலையிலும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பலன் தரும். அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உங்கள் மருத்துவரிடமோ மருத்துவ சமூக சேவையாளரிடமோ பேத்தியைப் பற்றி எழுதிய இதே வரியைச் சொல்லுங்கள், அவர்களுக்குப் புரியும். தூக்கமும் வலியும் எப்படி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், அது நடுராத்திரியாக இருந்தாலும் 1767 அழையுங்கள். சிங்கப்பூரில் தற்கொலைத் தடுப்புக்கு உதவும் எஸ்ஓஎஸ் அமைப்பின் 24 மணி நேர எண் அது.

துவாஸ் தங்குவிடுதி, ஊழியர்: ஊரில் அப்பாவுக்குத் தொண்டைப் புற்றுநோய். பேச்சு போய்விட்டது. தினமும் வீடியோ கால் போடுகிறேன். "சாப்பிட்டீங்களா, வலிக்குதா" கேட்டு முடித்தால் அப்புறம் இரண்டு பேரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தம்பி, சும்மா பார்த்துக்கொண்டிருப்பதும் நல்லதுதான். அதைக் குறையாக நினைக்க வேண்டாம்.

அந்த இரண்டு கேள்வியையும் அம்மாவிடமோ தங்கையிடமோ தனியாகக் கேட்டுவிடுங்கள். அப்பாவிடம் அவர் தீர்ப்புச் சொல்கிற மாதிரி எதையாவது கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் சட்டை எடுக்கிறீர்களா? இரண்டைத் தூக்கிக் காட்டி எது என்று கேளுங்கள். ஒரு விரலா, இரண்டு விரலா என்று காட்டட்டும். அவர் விவசாயம் பார்த்தவர் என்றால் தேக்கா சந்தையில் வெண்டைக்காய் விலையைக் காட்டுங்கள். சிங்கப்பூர் வெள்ளியை ரூபாயாக மாற்றிச் சொன்னால் அவர் முகம் போகிற போக்கைப் பாருங்கள்.

நேரமும் முக்கியம். நமக்கும் ஊருக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே இரவு 9.30 என்றால் அங்கே 7 மணிதான். அவர் மாலை மருந்து எப்போது சாப்பிடுகிறார் என்று கேட்டு, அது வேலை செய்யத் தொடங்கிய பிறகு அழையுங்கள். நடுவில் குரல் பதிவு அனுப்பி வையுங்கள். பதில் எதிர்பார்க்காத பேச்சு அவருக்குச் சுலபம், ராத்திரி தூக்கம் வராதபோது திரும்பக் கேட்டுக்கொள்வார்.

பிடோக், மனைவி: போன வாரம் தோழியோடு சந்தையில் வாய்விட்டுச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அவரைப் பார்த்ததும் குற்றவுணர்ச்சி. நாத்தனார் வேறு "உனக்கென்னம்மா" என்கிறார்.

நாத்தனாரை ஒரு ராத்திரி வந்து தங்கிப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வந்தால் உங்களுக்குத் தூக்கம், வராவிட்டால் பேச்சு நிற்கும்.

சந்தையில் யார் என்ன சொன்னார்கள், ஏன் சிரித்தீர்கள் என்று அவரிடம் சொன்னீர்களா? சொல்லுங்கள். படுத்திருப்பவருக்கு வெளியுலகம் உங்கள் வழியாகத்தான் வர வேண்டும். ஆள் மாற்றி ஓய்வெடுக்க என்னென்ன சேவைகள் உண்டு என்று ஏஐசி எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் கேளுங்கள்.

பெயர், ஊர் சொல்லாதவர்: பேச்சுக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது. எனக்கு மாதக் கணக்குச் சொல்லிவிட்டார்கள். ஒரு தே குடித்தால் என்ன மாறிவிடும்?

ஒன்றும் மாறாது. தே குடித்த பத்து நிமிடம் தே குடித்ததாக இருக்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் நான் வாக்குக் கொடுக்கவில்லை.

ஆனால் வெளியிலிருந்து பார்த்து இந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று ஊகிப்பது பெரும்பாலும் தப்பாகப் போகிறது. 1999-இல் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் இருவரும் கடுமையான உடற்குறை உள்ளவர்களிடம் பேசிப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் வாழ்க்கை நன்றாக, அல்லது மிக நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். உங்கள் நிலை வேறு, அது தெரியும். நான் போன வீடுகளிலும் மாதக் கணக்கு தெரிந்த ஆட்கள்தான் ரசம் புளிக்கிறது என்று சண்டை போட்டார்கள், கால்பந்து முடிவு தெரியாமல் தூங்கமாட்டேன் என்றார்கள். துக்கமும் அதே வீட்டில்தான் இருந்தது. ஒன்று போனால்தான் மற்றது வரும் என்று யாரும் காத்திருக்கவில்லை. உங்கள் கோபத்தோடேயே தே குடிக்கலாம்.

ஜூரோங் வெஸ்ட், மகன்: அம்மாவுக்குத் தீபாவளி விளக்கு அலங்காரம் பார்க்க ஆசை. படுக்கையிலேயே இருக்கிறார். முடியுமா?

முடியும், ஆனால் தீபாவளிக்கு முந்தின நாள் வரை வைத்திருக்காதீர்கள். லிட்டில் இந்தியாவில் விளக்கு பல வாரத்துக்கு முன்பே போட்டுவிடுவார்கள். போட்ட முதல் வாரத்திலேயே, வார நாளில், விளக்கு ஏற்றியதும் போங்கள். கடைசி வாரம் வண்டி நகராது, அவர் உடம்பு எப்படி இருக்கும் என்றும் தெரியாது. உட்கார முடிந்தால் சக்கர நாற்காலியோடு ஏறும் வண்டி பேசி, சிராங்கூன் சாலையை மெதுவாக ஒரு சுற்று வரச் சொல்லுங்கள். இறங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. படுத்தபடிதான் போக முடியும் என்றால், ஆம்புலன்ஸ் விஷ் சிங்கப்பூர் என்ற தொண்டு அமைப்பு இறுதிக் கட்டத்தில் இருப்பவர்களை மருத்துவத் துணையோடு அழைத்துப் போகிறது. உங்கள் பராமரிப்புக் குழு வழியாக இப்போதே கேளுங்கள். கூடுதல் வலி மருந்து, வாந்திக்கு ஒரு பை, மாற்று அணையாடை, மருந்துப் பட்டியல் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் போதும் என்றால் திரும்பிவிடுங்கள். அவர் பட்டுச்சேலைதான் கட்டுவேன் என்றால் மேலே போர்த்தி விட்டால் போதும், கட்ட வேண்டியதில்லை.