கர்ப்பம் என்று சொன்னதும் ‘நீங்களே விலகிவிடுங்கள்’ என்கிறார்கள்: சிங்கப்பூர்ச் சட்டம் கைகொடுக்குமா?

கேள்வி: சிங்கப்பூரில் தனியார் நிறுவனம் ஒன்றில் 2 ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறேன். கர்ப்பமாக இருப்பதை மேலாளரிடம் வாய்மொழியாகச் சொன்னேன். சில வாரங்களில் ‘வேலைத்திறன் போதவில்லை, விலகல் கடிதம் கொடுத்துவிடுங்கள்’ என்கிறார்கள். பாகுபாட்டுக்கு எதிரான புதிய சட்டம் உதவுமா?

பதில்:

முதல் வேலை, எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நீங்கள் சொல்லும் புதிய சட்டம் வேலையிட நியாயச் சட்டம். 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பாலினம், திருமண நிலை, கர்ப்பம், குடும்பத்தைப் பராமரிக்கும் பொறுப்பு ஆகியவற்றைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்கிறது. ஆனால் 2027 இறுதிவாக்கில்தான் அது நடப்புக்கு வரும் என்று அரசு கூறியிருக்கிறது. வந்தாலும், 25 பேருக்குக் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு முதல் 5 ஆண்டுகள் விலக்கு உண்டு. சிறு நிறுவனங்களில் வேலை பார்க்கும் பெண்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு அதிகம் தேவை என்பது என் கருத்து. அது இருக்கட்டும். உங்களுக்கு இப்போதே கைகொடுப்பவை பழைய சட்டங்கள்தான்: வேலை நியமனச் சட்டமும், குழந்தை சிங்கப்பூர்க் குடிமகனாகப் பிறந்தால் பிள்ளை மேம்பாட்டு இணைச் சேமிப்புச் சட்டமும்.

இரண்டிலும் உங்கள் கோரிக்கை ஒரு தேதியில்தான் நிற்கிறது. நிறுவனத்தில் குறைந்தது 3 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். பணிநீக்க அறிவிப்பு உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே நீங்கள் கர்ப்பம் என்று மருத்துவர் சான்றளித்திருக்க வேண்டும். இவை இரண்டும் இருந்து, போதிய காரணம் இல்லாமல் நீக்கினால், மகப்பேற்று விடுப்புக்கு உரிய பணத்தை நிறுவனம் கொடுத்தே தீர வேண்டும். ‘ஆட்குறைப்பு’ என்று பெயர் மாற்றினாலும் அந்தக் கடன் போகாது. வீட்டில் செய்த பரிசோதனைக் குச்சியோ மேலாளரிடம் வாயால் சொன்னதோ சான்று ஆகாது. இன்றைக்கே பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) தனியார் மருந்தகத்திலோ (கிளினிக்) தேதியிட்ட சான்று வாங்கி, மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். இரண்டு வரி போதும்: ‘நான் கர்ப்பமாக இருப்பதை இன்ன தேதியில் மேலாளரிடம் தெரிவித்தேன். மருத்துவர் சான்றை இத்துடன் இணைத்துள்ளேன்.’

தொகை சின்னதல்ல. மாதச் சம்பளம் 3,600 வெள்ளி, குழந்தை சிங்கப்பூர்க் குடிமகன், 16 வார விடுப்பு என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 13,300 வெள்ளி வரும். குழந்தை குடிமகன் இல்லையென்றால் விடுப்பு 12 வாரம். அதிலும் சம்பளம் பொதுவாக 8 வாரத்துக்கு மட்டுமே.

இனி விலகல் கடிதம். ‘நீங்களே விலகினால் அடுத்த வேலைக்கு நல்லது’ என்று இனிக்க இனிக்கப் பேசுவார்கள். கட்டாயத்தால் விலகியதும் பணிநீக்கமாகவே கருதப்படும் என்பது உண்மை. ஆனால் கட்டாயம் இருந்தது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். அதனால் சந்திப்பு முடிந்த அன்றே, ‘விலகும்படி இன்று என்னிடம் கேட்டீர்கள், நான் விலக விரும்பவில்லை, காரணத்தை எழுத்தில் தாருங்கள்’ என்று மின்னஞ்சல் போடுங்கள்.

காரணத்தை எழுத்தில் கேட்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. தவறான பணிநீக்கம் பற்றி அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து வெளியிட்ட முத்தரப்பு வழிகாட்டியின்படி, முறையான முன்னறிவிப்போடு, காரணம் எதுவும் சொல்லாமல் நீக்கினால் அது தவறில்லை என்றே முதலில் கருதப்படும். கர்ப்பம்தான் காரணம் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். காரணம் ஒன்றைச் சொல்லி அது பொய் என்று தெரிந்தாலோ, பணிநீக்கம் தவறானது என்றாகிவிடும். ‘வேலைத்திறன் போதவில்லை’ என்று எழுதித் தந்தால், போன ஆண்டின் நல்ல மதிப்பீடு, போனஸ் கடிதம், வாட்ஸ்அப்பில் வந்த பாராட்டு எல்லாம் அதற்கு எதிராக நிற்கும். ஆட்குறைப்பு என்று சொல்லிவிட்டு அதே வேலைக்கு விளம்பரம் போட்டால் அந்தப் பக்கத்தைத் தேதியோடு படம் பிடித்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆதாரம் சேர்க்கும் அவசரத்தில் வாடிக்கையாளர் விவரங்கள் உள்ள அலுவலகக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். ‘ரகசியத்தை மீறினார்’ என்று உண்மையான காரணம் ஒன்றை நீங்களே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். உங்கள் பெயருக்கு வந்த கடிதங்களும் செய்திகளும் போதும்.

நீக்கிவிட்டால் நேராக நடுவர் மன்றம் போக முடியாது. முதலில் டிஏடிஎம் எனப்படும் முத்தரப்புப் பூசல் தீர்ப்பு அமைப்பில், சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளக் கணக்கு வழியாக இணையத்தில் கோரிக்கை பதிய வேண்டும். கடைசி வேலை நாளிலிருந்து 1 மாதம்தான் கெடு. கர்ப்பம் தொடர்பான கோரிக்கைக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து 2 மாதம் என்ற தனிக் கெடு உண்டு. அதை நம்பி உட்காராதீர்கள். முதல் கெடுவுக்குள்ளேயே பதிந்துவிடுங்கள். அங்கே சமரசப் பேச்சு நடக்கும். ஒத்துவராவிட்டால் பரிந்துரைச் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து 4 வாரத்துக்குள் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுப் போட வேண்டும். அங்கே வழக்கறிஞருக்கு அனுமதி இல்லை, நிறுவனத்துக்கும்தான். உச்சவரம்பு 20,000 வெள்ளி. தொழிற்சங்க உறுப்பினராக இருந்து சங்கத்தின் உதவியோடு சமரசத்துக்குப் போனால் 30,000. வேலையைத் திரும்பத் தரும்படியும் கேட்கலாம், இழப்பீடும் கேட்கலாம். திரும்பப் போக விரும்புவோர் குறைவு என்பது வேறு விஷயம்.

வெளிநாட்டு ஊழியர்களுக்கும் இந்தச் சட்டங்கள் பொருந்தும். ஆனால் இல்லப் பணிப்பெண்கள் வேலை நியமனச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள். எஸ் பாஸ், வேலை அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர்கள் அட்டை ரத்தாவதற்கு முன்பே கோரிக்கையைப் பதிவது நல்லது. ஊர் போய்ச் சேர்ந்தபின் நடத்துவது பெரும்பாடு.

இன்னும் நீக்கவில்லை, நெருக்குதல் மட்டும்தான் என்றால், நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்பு அமைப்பான டாஃபெப்பிடம் புகார் கொடுக்கலாம். நேர்காணலில் ‘குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா’ என்று கேட்கும் நிறுவனங்கள் மீதும் அங்கேதான் புகார் கொடுக்க வேண்டும். டாஃபெப் இழப்பீடு வாங்கித் தராது. ஆனால் விஷயம் மனிதவள அமைச்சுக்குப் போனால், வெளிநாட்டு ஊழியர்களை எடுக்கும் சலுகையை நிறுத்திவைக்க அமைச்சால் முடியும். பல முதலாளிகள் பயப்படுவது அதற்குத்தான்.