டீசல் எங்கே ஒழுகுது? படகுக்காரரின் கேள்விகளுக்குப் பதில்

மாரி தொடங்குமுன் படகைக் கரையேற்றிப் பார்க்கும் காலம் என்பதாலோ என்னவோ, இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை டீசல் தாங்கி பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

முப்பது அடிப் பாய்ப்படகு, உள்ளே சிறிய டீசல் எஞ்சின், அலுமினியத் தாங்கி. பாய் விரித்துச் சரிந்து ஓடும்போது மட்டும் கீழே டீசல் மணக்கிறது. நங்கூரம் போட்டு நின்றால் ஒன்றுமில்லை. தாங்கியை மாற்று என்கிறார்கள். மாற்றவா? (காரைநகர்)

அவசரப்படாதீர்கள். அடியில் ஓட்டை என்றால் படகு நின்றாலும் ஒழுகும், இரவிலும் ஒழுகும். சரியும்போது மட்டும் வருகிறது என்றால் கோளாறு மேலே இருக்க வாய்ப்பு அதிகம். டீசல் ஊற்றும் குழாய், அளவு காட்டும் கருவி இறங்கும் துளை, காற்றுக் குழாய், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். எந்தப் பக்கம் சரியும்போது மணக்கிறது என்பதைக் குறித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஊற்றும் குழாயில் டீசல் நிற்பதில்லை. அதனால் அதை யாரும் கவனிப்பதுமில்லை. அது வளையும் இடத்தில், கண்ணுக்குப் படாத அடிப்பக்கத்தில்தான் வெடிக்கும். கைபேசி வெளிச்சமும் முகம் பார்க்கும் சிறு கண்ணாடியும் போதும். இரண்டு முனையிலும் இரண்டிரண்டு கிளிப் போடுங்கள்.

அளவுக் கருவியின் கீழுள்ள வாசர் அடுத்த சந்தேக நபர். சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டிப் போடுவது எங்கள் ஊர் வழக்கம். டீசல் பட்டால் அந்த ரப்பர் ஊதிப் பிதுங்கிவிடும். நைட்ரைல் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். காற்றுக் குழாயின் வாய் படகின் பக்கவாட்டில் இருந்தால், அந்தப் பக்கம் சரியும்போது டீசல் வெளியே துப்பும், சில வேளை கடல்நீர் உள்ளேயும் வரும். குழாயை உயரத் தூக்கி ஒரு வளைவு கொடுத்து இறக்க வேண்டும்.

எது என்று பிடிபடவில்லையா? தாங்கியை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பி, எல்லா மூட்டையும் துணியால் நன்றாகத் துடைத்து, ஒவ்வொன்றிலும் ரிஷு கடதாசியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். தாங்கியின் பக்கங்களில் சோக்குத் தூள் தடவி, ஒரு மணித்தியாலம் சரித்து ஓட்டிவிட்டு வாருங்கள். கடதாசி எங்கே நனைந்திருக்கிறதோ அதுதான் இடம். சொட்டும் இடத்தை நம்ப வேண்டாம். டீசல் தகட்டோடு ஊர்ந்துபோய், வேறெங்கோ ஒரு மூலையில்தான் சொட்டும்.

இத்தனைக்கும் பிறகும் கடதாசி காய்ந்தே இருந்தால் தாங்கியின் அடியைச் சந்தேகிக்கலாம். அலுமினியம் உள்ளிருந்து போவதைவிட வெளியிலிருந்து போவதே கூட. ஈரப் பலகையோ பஞ்சோ ஒட்டிக் கிடக்கும் இடத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால், அங்கே தகடு தின்னப்பட்டிருக்கிறது. பித்தளை இணைப்பு நேரடியாக அலுமினியத்தில் பூட்டப்பட்டிருந்தால் அந்த இடத்தையும் பாருங்கள்.

மூன்றரைத் தொன் படகு, இரும்புத் தாங்கி. அடிமூலையில் வியர்ப்பதுபோல் டீசல் கசிகிறது. டீசலை வடித்துவிட்டு அப்படியே வெல்டிங் அடிக்கலாமா? (குருநகர்)

கூடாது. டீசல் பெற்றோல் மாதிரிச் சட்டென்று பற்றாது என்ற தைரியத்தில்தான் ஆட்கள் இதைச் செய்கிறார்கள். வடித்த தாங்கியின் சுவரில் டீசல் பூசினாற்போல் ஒட்டியிருக்கும். வெல்டிங் சூடு அதை ஆவியாக்கும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவியும் காற்றும் கலந்தால் ஒரு பொறி போதும். நிறைந்த தாங்கியைவிட வெறுந்தாங்கிதான் ஆபத்தானது. கழற்றி வெளியே எடுத்து, நீராவியால் அல்லது சவர்க்காரத் தூள் கலந்த கொதிநீரால் பலமுறை கழுவி, எல்லா வாயையும் திறந்து வைத்து, ஒட்ட வேண்டிய இடம் மட்டும் மேலே நிற்கும்படி தண்ணீர் நிரப்பித்தான் இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

கரை சேரும்வரை தாங்க ஒரு வழி உண்டு. காய்ந்த சலவைச் சவர்க்காரக் கட்டியைக் கசியும் இடத்தில் அழுத்தித் தேயுங்கள். சவர்க்காரம் டீசலில் கரையாது. சில நாள் பிடிக்கும், தண்ணீர் பட்டால் போய்விடும்.

இரும்புத் தாங்கி உள்ளிருந்தும் துருவேறும். இரவுக் குளிரில் உட்சுவரில் வியர்க்கும் நீர் டீசலுக்குக் கீழே இறங்கி அடியில் தங்குகிறது. ஆகவே ஒரு துளை கண்டால் பக்கத்தில் இன்னும் நாலு தயாராகிக்கொண்டிருக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்னும், உக்கியது மந்தமாக ஒலிக்கும். மந்தம் பரவலாக இருந்தால் ஒட்டுப் போட்டுக் காசைக் கரைக்க வேண்டாம், புதிதாய்ச் செய்யுங்கள். நாகம் (சிங்க்) பூசிய தகட்டில் மட்டும் செய்யாதீர்கள். டீசல் நாகத்தோடு சேர்ந்து உண்டாக்கும் பசை பில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும்.

கழற்றிய தாங்கியைக் காற்றடித்துச் சோதிக்க எவ்வளவு அழுத்தம் வைக்கலாம்? (மயிலிட்டி)

3 பிஎஸ்ஐ. அதற்கு மேல் வேண்டாம். ரயர் கடைக் கொம்பிரசரைப் பூட்டினால் தட்டைச் சுவர் வீங்கி மூட்டு பிளந்துவிடும்.

இவ்வளவு சிறிய அழுத்தத்தை ரயர் மீற்றரில் சரியாக வாசிக்க முடியாது. ஐந்து மீற்றர் கண்ணாடி ரியூப் (உள்ளே தெரியும் பிளாஸ்ரிக் குழாய்) ஒன்றை வாங்கி, நடுவில் வளைத்து இரு கையும் மேலே நிற்கச் சுவரில் கட்டி, பாதிக்குத் தண்ணீர் விடுங்கள். ஒரு முனை தாங்கியில், மற்றது திறந்தபடி. மற்ற எல்லா வாயையும் அடைத்துச் சைக்கிள் பம்பால் மெதுவாக அடியுங்கள். இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே 2.1 மீற்றர் வித்தியாசம் வந்தால் அது 3 பிஎஸ்ஐ. கொஞ்சம் கூடிப்போனாலும் தண்ணீர் திறந்த முனையால் பீறி வெளியேறும், தாங்கிக்குச் சேதமில்லை. பிறகு சவர்க்கார நுரை தடவிக் குமிழி தேடுங்கள். காலையில், நிழலில் செய்யுங்கள். வெயில் ஏறினால் உள்ளே காற்று விரிந்து மட்டம் தானாகவே நகரும், நீங்கள் குழம்பிப் போவீர்கள்.

எங்கும் ஒழுக்கு இல்லை, படகின் அடி காய்ந்திருக்கிறது. ஆனால் டீசல் குறைகிறது. எஞ்சின் ஒயில் மட்டம் கூடியிருக்கிறதாக மகன் சொல்கிறான். (நெடுந்தீவு)

மகன் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். இனி எஞ்சினை இயக்க வேண்டாம். டீசல் ஒயிலுக்குள் போகிறது. அநேகமாக எஞ்சினோடு பொருத்திய சிறிய டீசல் பம்பின் சவ்வு கிழிந்திருக்கும், இல்லையென்றால் இன்ஜெக்சன் பம்பின் சீல். ஒயில் குச்சியை மணந்து பாருங்கள். பத்திரிகைத் தாளில் ஒரு சொட்டு விட்டால், கறுப்புப் பொட்டைச் சுற்றி வெளிறிய எண்ணெய் வளையம் அகலமாகப் பரவும். பழுதைத் திருத்தி, ஒயிலையும் பில்டரையும் மாற்றிய பிறகுதான் கடலுக்குப் போகலாம்.

காலையில் ஸ்ராட் ஆக நெடுநேரம் எடுக்கிறது. ஒழுக்கு எதுவும் தெரியவில்லை. (பாசையூர்)

தாங்கி எஞ்சினுக்குக் கீழே இருந்தால், உறிஞ்சும் பக்கத்து ஓட்டை டீசலை வெளியே விடாது, காற்றை உள்ளே இழுக்கும். பில்டர் மூடி வாசரில் தொடங்குங்கள். பம்புக்கு முன் ஒரு சாண் கண்ணாடி ரியூப் தற்காலிகமாகப் போட்டால் குமிழி ஓடுவது தெரியும்.

சிலிக்கன் பூசலாமா? (பருத்தித்துறை)

வேண்டாம். டீசல் பட்டால் ஊறி உரிந்து வரும், அந்தத் துண்டுகள் போய்க் குழாயை அடைக்கும்.

படகின் அடியில் டீசல் கலந்த தண்ணீர். தன்னியக்கப் பம்ப் அதைக் கடலுக்கு அடித்துவிட்டது. பாத்திரம் கழுவும் திரவம் ஊற்றினால் படலம் போய்விடும் என்கிறார்களே? (நாவாந்துறை)

படலம் கண்ணுக்கு மறையும், டீசல் தண்ணீருக்குள் இன்னும் ஆழமாகக் கலக்கும். இறால் கூடும் நண்டு வலையும் கிடக்கும் நீரேரியில் இதைச் செய்யக் கூடாது. படகு கட்டியிருக்கும்போது ஓட்டை அடைபடும்வரை பம்பைக் கைச்சுவிச்சுக்கு மாற்றுங்கள். தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மேலே மிதக்கும் டீசலை மரத்தூளோ பழந்துணியோ போட்டு ஒற்றி எடுத்து, மூடியுள்ள வாளியில் கரைக்குக் கொண்டு வாருங்கள். அந்தத் துணியை எஞ்சின் பெட்டிக்குள் மட்டும் சுருட்டி வைக்காதீர்கள்.