எம்ஜிபி காரின் டைமிங் செயின் டென்ஷனர்: கேள்விகளும் பதில்களும்

எம்ஜிபி கார் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் தயாரானது. அதன் 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சினில், முதன்மைத் தண்டான க்ராங்க்ஷாஃப்ட்டிலிருந்து வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றும் டைமிங் செயினை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனர் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்டவர்களின் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். வேறு எஞ்சின் பற்றிய இரு கேள்விகளைப் பிற்பகுதிக்குத் தள்ளியிருக்கிறேன்.

கேள்வி: காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் முன்பக்கத்தில் சில நொடிகள் கடகடவென்று சத்தம் வருகிறது. ஆயில் பிரஷர் ஏறியதும் நின்றுவிடுகிறது. டென்ஷனர் போய்விட்டது என்று கொள்ளலாமா?

பதில்: ஐயப்படுவதற்கு இடமிருக்கிறது, ஆனால் செயினை மூடியிருக்கும் டைமிங் கவரைக் கழற்றுவதற்கு முன்பே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. முதலில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஒரு நிமிடம் மட்டும் ஓட விடுங்கள். சத்தம் மறைந்தால் குற்றவாளி வாட்டர் பம்ப்பின் பேரிங்கோ டைனமோவோ ஆகும். செயினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெல்ட் இல்லாமலும் சத்தம் நீடித்தால், நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை டைமிங் கவர் மீதும் பின்னர் ராக்கர் கவர் மீதும் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். டாப்பெட் சத்தம் மேலேயும் செயின் சத்தம் முன்னாலும் தெளிவாகக் கேட்கும். சுற்றும் பகுதிகளின் அருகில் தலையைக் கொண்டுபோகிறீர்கள் என்பதால், தளர்ந்த உடையும் கழுத்துச் சங்கிலியும் வேண்டாம்.

மூன்றாவது சோதனைதான் எனக்குப் பிடித்தது. பி-சீரிஸ் எஞ்சினில், பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது கேம்ஷாஃப்ட். கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றுவது இந்தச் செயின். ஆகவே செயின் தளர்ந்து ஆடும்போது, டைமிங் லைட் வெளிச்சத்தில் புல்லியின் குறி ஒரே இடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் துள்ளும். டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் தேய்ந்திருந்தாலும் குறி துள்ளும் என்பதால், முதலில் அதன் தண்டைக் கையால் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஆயில் பிரஷர் இல்லாதபோது டென்ஷனர் தளர்ந்துவிடாதா? அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்க முடியுமா?

பதில்: இது ரெனோல்ட் நிறுவனத்தின் வடிவமைப்பு. 1880இல் மான்செஸ்டரில் புஷ் ரோலர் செயினுக்குக் காப்புரிமை பெற்ற ஹான்ஸ் ரெனோல்ட் தொடங்கிய நிறுவனம் அது. சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் தொழில் செய்தவர் அவர்.

டென்ஷனரின் உடல் எஞ்சினின் முன்தகட்டில் இரண்டு போல்ட்டுகளால் பொருந்தியிருக்கிறது. அதனுள் நகரும் பிளஞ்சரின் தலையில் செயற்கை ரப்பர் ஒட்டிய ஸ்லிப்பர் உள்ளது. செயினின் தளர்ந்த பக்கத்தை அழுத்துவது இதுதான். பிளஞ்சருக்குள் ஒரு ஸ்பிரிங்கும், அந்த ஸ்பிரிங்கின் மறுமுனையில் சிறிய சிலிண்டர் ஒன்றும் இருக்கின்றன. சிலிண்டரில் திருகுபோல் சரிந்து செல்லும் பள்ளம் வெட்டப்பட்டிருக்கிறது. பள்ளத்தின் ஒரு விளிம்பு பற்களாக அமைந்திருக்கிறது. பிளஞ்சரின் உள்ளே உள்ள சிறு முளை அந்தப் பள்ளத்தில் ஓடுகிறது. எஞ்சின் பிளாக்கிலிருந்து வரும் ஆயில் டென்ஷனரின் பின்புற முனை வழியாக நுழைந்து, பிளஞ்சரை ஸ்பிரிங்கோடு சேர்ந்து வெளியே தள்ளி, ஸ்லிப்பர் முகத்திலுள்ள துளை வழியாகக் கசிந்து செயினையும் நனைக்கிறது.

செயின் தேயத் தேய பிளஞ்சர் முன்னேறுகிறது. முளை அடுத்த பல்லில் உட்கார்ந்துவிட்டால் பிளஞ்சரால் பழைய இடத்திற்குத் திரும்ப முடியாது. ஆயில் பிரஷர் இல்லாத முதல் சில நொடிகளில் செயினைக் காப்பது ஸ்பிரிங்கும் இந்தப் பற்களும்தான். எனவே முந்தைய கேள்வியில் சொன்னதுபோல் கிளப்பியவுடன் மட்டும் சத்தம் வந்தால், பற்களோ முளையோ தேய்ந்திருக்கலாம், பிளஞ்சர் தன் ஓட்டத்தின் எல்லையை எட்டியிருக்கலாம், அல்லது ரப்பர் உலோகம்வரை அரைபட்டிருக்கலாம். இம்மூன்றையும் ஆயிலை மாற்றித் தீர்க்க முடியாது.

கேள்வி: டென்ஷனரை மட்டும் மாற்றினால் போதாதா? செயின் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படிக்கட்டும். டென்ஷனர் அழுத்துவது செயினின் தளர்ந்த பக்கத்தை மட்டுமே. கேம்ஷாஃப்ட்டை இழுத்துச் சுழற்றுவதோ எதிர்ப்பக்கம், அதாவது எப்போதும் இறுகியிருக்கும் பக்கம். செயின் நீளும்போது அந்த இறுகிய பக்கமும் நீள்கிறது. அதனால் கேம்ஷாஃப்ட் இருக்க வேண்டிய நிலையிலிருந்து சற்றே பின்தங்குகிறது. வால்வுகள் தாமதமாகத் திறக்கின்றன; டிஸ்ட்ரிபியூட்டரும் அதே தண்டிலிருந்து ஓடுவதால் பொறியும் தாமதமாகிறது. பொறியின் தாமதத்தை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம்; வால்வின் தாமதத்தை எந்தப் புதிய டென்ஷனராலும் சரிசெய்ய முடியாது. சத்தம் மட்டும் அடங்கும், தேய்மானம் அப்படியே இருக்கும். நோயாளிக்கு வலி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதற்கு ஒப்பான வேலை அது.

இந்தச் செயின் 3/8 அங்குலப் பிட்ச்சில், அதாவது கண்ணிக்குக் கண்ணி அந்த இடைவெளியில், 52 கண்ணிகள் கொண்டது. சுற்றளவு 19.5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 495 மில்லிமீட்டர். ஒரு சதவீதம் நீண்டாலே மொத்த நீளம் 5 மில்லிமீட்டர் கூடிவிடுகிறது. ஆனால் அது 52 கண்ணிகளுக்கும் பரவியிருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கழற்றிய செயினைப் பக்கவாட்டில் கிடைமட்டமாகப் பிடித்து, அதே முறையில் பிடித்த புதிய செயினோடு ஒப்பிடுங்கள். தேய்ந்த செயின் வில்லாக வளைந்து தொங்கும். செயின் ஓடும் பற்சக்கரங்களான ஸ்ப்ராக்கெட்டுகளின் பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கிபோல் ஆகியிருந்தால் அவற்றையும் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் புதிய செயினை அவையே விரைவில் கெடுத்துவிடும். செயின், ஸ்லிப்பர், கவரின் ஆயில் சீல் ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்றுவதுதான் என் பரிந்துரை; இவ்வளவு தூரம் கழற்றிய பிறகு அவற்றின் விலை ஒரு பொருட்டல்ல.

கேள்வி: ஸ்லிப்பரின் ரப்பரில் இரண்டு கோடுகள் பள்ளமாக விழுந்திருக்கின்றன. புதிய ரப்பரை ஒட்டிக்கொள்ளலாமா? டென்ஷனரின் உடலையும் மாற்ற வேண்டுமா?

பதில்: ரப்பரை ஒட்ட வேண்டாம். சூடான ஆயிலிலும் செயினின் உராய்விலும் வீட்டுப் பசை நிற்காது; பிய்ந்த துண்டு நேராக எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பிற்குள் போகும். இரட்டை வரிசைச் செயின் ஓடும் ரப்பரில் இரு தடங்கள் விழுவது இயல்பே, ஆழம்தான் கவலைக்குரியது.

உடலை மாற்ற வேண்டுமா என்பதற்குப் பட்டறைக் கையேடு தெளிவான அளவு தருகிறது. பிளஞ்சர் ஓடும் துளையின் வாய்ப்பகுதியில் வெவ்வேறு திசைகளில் விட்டத்தை அளக்க வேண்டும். வேறுபாடு 0.003 அங்குலத்தை, அதாவது 0.076 மில்லிமீட்டரைத் தாண்டினால் துளை முட்டை வடிவமாகிவிட்டது என்று பொருள். டென்ஷனரை முழுமையாக மாற்றுங்கள். அதற்குள் இருந்தால் பழைய உடலில் புதிய ஸ்லிப்பரையும் சிலிண்டரையும் பொருத்தலாம். எப்படியானாலும் பின்முனையின் ஆயில் துளையையும் ஸ்லிப்பர் முகத்தின் துளையையும் காற்றழுத்தத்தால் ஊதிச் சுத்தம் செய்யத் தவறாதீர்கள். பழைய டென்ஷனர்களில் இத்துளைகள் கசடால் அடைபட்டிருப்பது சாதாரணம்.

கேள்வி: 1967 எம்ஜிபி ஜிடி வைத்திருக்கிறேன். எஞ்சினை இறக்காமலே இதைச் செய்ய முடியுமா?

பதில்: முடியும். குளிர்நீரை வடித்து ரேடியேட்டரை எடுக்க வேண்டும், பெல்ட்டைக் கழற்ற வேண்டும். பிறகு க்ராங்க்ஷாஃப்ட் புல்லியை வெளியே இழுக்கும்போதுதான் ஸ்டீயரிங் ராக் வழிமறிக்கும். ராக்கின் போல்ட்டுகளைக் கழற்றிச் சற்று முன்னால் நகர்த்திக்கொள்ளுங்கள். கழற்றிய இடத்தில் ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) ஏதும் இருந்தால் எந்தப் போல்ட்டுக்கு எது என்று குறித்து வையுங்கள்.

கேள்வி: டென்ஷனரைக் கழற்றியதும் பிளஞ்சர் ஸ்பிரிங்கோடு வெளியே துள்ளிவிட்டது. எப்படித் திரும்பக் கோப்பது? ஆலன் கீயை (அறுகோணச் சாவியை) எந்தத் திசையில் திருப்ப வேண்டும் என்பதில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: பூட்டுவதற்கும் விடுவிப்பதற்கும் ஒரே திசைதான்: வலஞ்சுழியாக. குழப்பத்திற்குக் காரணமே இதுதான். ஒரு வேலைக்கு வலம் என்றால் மற்றதற்கு இடமாகத்தான் இருக்கும் என்று பலரும் தாமாகவே முடிவு செய்துவிடுகிறார்கள்.

ஸ்பிரிங்கைப் பிளஞ்சருக்குள் இட்டு, அதன் மறுமுனையில் சிலிண்டரை வையுங்கள். சிலிண்டரின் சரிந்த பள்ளம் பிளஞ்சரின் முளையில் சிக்கும்வரை ஸ்பிரிங்கை அழுத்துங்கள். அழுத்தியபடியே ஆலன் கீயைச் செருகி வலஞ்சுழியாகத் திருப்பினால், சிலிண்டரின் முனை முளைக்குக் கீழே இறங்கி ஸ்பிரிங் சுருங்கிய நிலையில் பூட்டிக்கொள்ளும். கீயை எடுத்துவிட்டு இந்தத் தொகுதியை உடலுக்குள் செருகி, பின்தகட்டோடு சேர்த்து எஞ்சினில் பொருத்துங்கள். ஸ்லிப்பர் தங்கு தடையின்றி நகர்கிறதா என்று பாருங்கள்.

செயினும் ஸ்ப்ராக்கெட்டுகளும் தம் இடத்தில் அமர்ந்த பிறகே டென்ஷனரை விடுவிக்க வேண்டும். உடலின் அடிப்பக்கத்து பிளக்கைக் கழற்றி, கீயைச் செருகி மீண்டும் வலஞ்சுழியாகத் திருப்பினால் ஸ்லிப்பர் ஸ்பிரிங்கின் விசையால் தானே முன்வந்து செயினைத் தொடும். அதை விரலாலோ ஸ்க்ரூடிரைவராலோ செயினை நோக்கித் தள்ளக் கூடாது. கீயை இடஞ்சுழியாகவும் திருப்பக் கூடாது. பிளக்கைத் திரும்பப் போட்டு அதன் பூட்டுத் தகட்டை மடித்துவிடுங்கள்.

கீயின் அளவு 1/8 அங்குலம். பெட்டியிலிருக்கும் 3 மில்லிமீட்டர் கீ நுழையும். ஆனால் தளர்வாக இருப்பதால் உள்ளே உள்ள அறுகோணத்தை உருட்டிவிடும்.

கேள்வி: செயினைப் போடும்போது குறிகளை எப்படிச் சேர்ப்பது?

பதில்: க்ராங்க்ஷாஃப்ட்டின் சாவிப்பள்ளம் உச்சியிலும், கேம்ஷாஃப்ட்டின் சாவிப்பள்ளம் முன்னாலிருந்து பார்க்கையில் கடிகாரத்தில் ஒரு மணி இருக்கும் திசையிலும் நிற்கட்டும். இரு ஸ்ப்ராக்கெட்டுகளிலும் உள்ள புள்ளிகள் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்குமாறு செயினைக் கோத்து, இரண்டையும் சேர்த்தே தண்டுகளில் ஏற்றுங்கள்.

ஸ்ப்ராக்கெட்டுகளில் ஒன்றையேனும் மாற்றியிருந்தால் இன்னொரு வேலை உண்டு. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளும் ஒரே தளத்தில் ஓட வேண்டும். கேம்ஷாஃப்ட் ஸ்ப்ராக்கெட்டின் பக்கத்தில் நேர்ச்சட்டம் ஒன்றை வைத்து, அதற்கும் க்ராங்க்ஷாஃப்ட் ஸ்ப்ராக்கெட்டுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளங்கள். அந்த அளவிலிருந்து 0.005 அங்குலத்தைக் கழித்தால் வருவதுதான் க்ராங்க்ஷாஃப்ட் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் இட வேண்டிய ஷிம்களின் தடிமன். தளம் விலகி ஓடும் செயின் ஸ்லிப்பரின் ஒரு விளிம்பை மட்டும் தின்னும். உங்கள் பழைய ரப்பர் ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்திருந்தால் காரணத்தை இங்கே தேடுங்கள்.

கேள்வி: டைமிங் கவரை மாட்டிய பிறகு ஆயில் கசிகிறது. சீல் புதியதுதான்.

பதில்: கவரை இறுக்கிவிட்டுப் புல்லியைச் செருகினீர்கள் என்று நினைக்கிறேன். வரிசை மாற வேண்டும்: சீலில் ஆயில் தடவி, புல்லியைக் கவரின் துளையில் செருகி, இரண்டையும் சேர்த்துத் தண்டில் ஏற்றி, கவர் தானாக நடுவில் அமர்ந்த பிறகு போல்ட்டுகளைச் சமமாக இறுக்குங்கள். 1/4 அங்குல போல்ட்டுகளுக்கு 6 பவுண்டு-அடி போதும். புல்லியின் நட்டுக்கு 70 பவுண்டு-அடி, ஏறத்தாழ 95 நியூட்டன் மீட்டர். ஆயில் எறிதகட்டில் 'எஃப்' எழுத்து இருந்தால் அந்தப் பக்கம் எஞ்சினைப் பார்க்காமல் வெளியே பார்க்க வேண்டும். அத்துடன் தகடும் கவரும் ஒரே காலத்தவையாக இருக்க வேண்டும், ஏனெனில் பழைய கவர்களின் ஃபெல்ட் சீலுக்கும் பிந்தைய ரப்பர் சீலுக்கும் தகடுகள் வேறு.

கேள்வி: ஆயிலை வடித்தபோது கறுப்பு ரப்பர் துணுக்குகள் வந்தன.

பதில்: சம்ப்பைக் கழற்றி ஆயில் பம்ப்பின் வலையைச் சுத்தம் செய்யாமல் எஞ்சினை ஓட்டாதீர்கள். வெளியே வந்தவற்றைவிட உள்ளே தங்கியவை அதிகமாக இருக்கலாம். ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 பவுண்டுவரை காட்ட வேண்டிய ஆயில் பிரஷர் வலை அடைபட்டால் விழும். அப்போது டென்ஷனரைவிடப் பெரிய செலவு பேரிங்குகளில் காத்திருக்கும்.

கேள்வி: என் எம்ஜிபியின் பிந்தைய 18வி வகை எஞ்சினில் ஒற்றை வரிசைச் செயின் இருக்கிறது. இரட்டை வரிசைக்கு மாற்றுவது நல்லதா?

பதில்: நல்லதுதான், கட்டாயமல்ல. மாற்றினால் செயின், இரு ஸ்ப்ராக்கெட்டுகள், டென்ஷனர் அனைத்தையும் ஒரே தொகுப்பாக வாங்குங்கள்.

கேள்வி: ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சினுக்கும் இவை பொருந்துமா?

பதில்: அதன் கீழ்ச் செயினுக்கு இதே ரெனோல்ட் வகை டென்ஷனர்தான், 1/8 அங்குலக் கீ, வலஞ்சுழி விதி எல்லாம் ஒன்றே. கூடுதலாக, ஆயில் வரும் துளையில் கூம்பு வடிவ வலை வடிகட்டி ஒன்று இருக்கும். அதைத் தொலைக்காமல் கழுவி மாட்டுங்கள். மேல் செயின் கைமுறையாகச் சரிசெய்யும் எக்சென்ட்ரிக் (மையம் விலகிய) அமைப்பால் இறுகுகிறது. அதை அளவுக்கு மீறி இறுக்கினால் எஞ்சின் ஊளையிடும்.

கேள்வி: அம்பாசடரின் பழைய பெட்ரோல் எஞ்சினும் பி-சீரிஸ்தானே?

பதில்: ஆம், உத்தரபாராவில் தயாரான அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின் அதே குடும்பம். வேலையின் வரிசையும் செயின் பற்றிச் சொன்ன காரணங்களும் அதற்கும் பொருந்தும். ஆனால் இங்கு தந்த அளவுகள் எம்ஜிபிக்கு உரியவை. அவற்றை அப்படியே எடுத்துச் செல்ல வேண்டாம். அந்த எஞ்சின்கள் பல பட்டறைகளின் கைகளைக் கண்டவை என்பதால், மூடியைக் கழற்றி உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்து, பழைய பாகத்தைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் வாங்குங்கள்.

கேள்வி: எல்லாம் மாட்டியாகிவிட்டது. முதல் முறை கிளப்பும்போது என்ன செய்ய வேண்டும்?

பதில்: டென்ஷனர் காலியாக இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் கேஜின் முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றுங்கள். பிறகு பிளக்குகளை மாட்டிக் கிளப்பி, டைமிங் லைட்டால் பொறியின் நேரத்தைப் புதிதாக அமையுங்கள். செயின் மாறியதால் பழைய அமைப்பு இனிப் பொருந்தாது.

கேள்வி: டென்ஷனரின் பூட்டுத் தகட்டை மீண்டும் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். ஒருமுறை மடித்து நிமிர்த்திய காது மறுமுறை மடிக்கும்போது ஒடியும். ஒடிந்த துண்டு விழும் இடம் செயினுக்கு நேர்க் கீழே.