ஆட்டோமேட்டிக் காரில் ஸ்டியரிங்கிலேயே கியர் மாற்றும் பேடில் ஷிஃப்டரைப் பிறகு பொருத்த முடியுமா?

முடியும். ஆனால் எல்லா ஆட்டோமேட்டிக் காரிலும் முடியாது.

உங்கள் காரின் டாப் வேரியன்ட்டில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் பேடில் வருகிறது, உங்களுடையதில் இல்லை, வாங்கி மாட்டிக்கொள்ளலாமா, புதுச்சேரி கடலூர் பக்கம் இதைச் செய்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கடலூரில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன். இதே கேள்வியோடு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களிடம் சொல்வதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கியர் லீவரைப் பாருங்கள். கியர் தானாகவே மாறுகிற 'டி'-க்குப் பக்கத்தில் 'எம்' அல்லது 'எஸ்' என்று ஒரு தடம் இருந்து, அதில் பிளஸ், மைனஸ் குறி போட்டிருந்தால் மேற்கொண்டு பேசலாம். 'டி', '2', 'எல்' என்று மட்டும் இருக்கிற 4 ஸ்பீடு கியர்பாக்ஸ் என்றால் விட்டுவிடுங்கள். மாருதியின் சியாஸும் 2022-க்கு முந்தைய எர்டிகாவும் அந்த வகைதான். ஒவ்வொரு கியராகக் கேட்டு வாங்குகிற வசதியே அதில் கிடையாது. பேடிலைத் தட்டினாலும் அதைக் கேட்க உள்ளே ஆள் இல்லை.

பிளஸ், மைனஸ் இருக்கிற வண்டியில் என்ன நடக்கிறது என்றால், லீவருக்கு அடியில் இரண்டு சின்ன சுவிட்ச் இருக்கும். லீவரை பிளஸ் பக்கம் தட்டும்போது ஒரு சுவிட்ச் ஒரு நொடிக்கும் குறைவாகத் தொட்டு விடும். அந்த சிக்னல் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குப் போகும். கியரை மாற்றுவது கம்ப்யூட்டர்தான், நம் கை இல்லை. பேடில் என்பதும் இதே மாதிரி இரண்டு சுவிட்ச், அவ்வளவுதான். வலது பக்கம் ஏற்ற, இடது பக்கம் இறக்க.

இந்த யோசனை பந்தயக் காரிலிருந்து வந்தது. 1989-ல் ஃபெராரியின் ஃபார்முலா 1 காரை வடிவமைத்த ஜான் பர்னார்ட், லீவரிலிருந்து கியர்பாக்ஸ் வரை போகிற ராடு வேண்டாம், அது இடத்தை அடைக்கிறது என்று முடிவு செய்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் பேடில் வைத்தார். அந்த ஆண்டு முதல் பந்தயமான பிரேசிலிலேயே நைஜல் மான்செல் அந்தக் காரில் ஜெயித்தார். ராடு போய் வயர் வந்ததால்தான் சுவிட்சை எங்கே வேண்டுமானாலும் வைக்க முடிந்தது. இன்று உங்கள் காரில் இதைப் பிறகு பொருத்தலாம் என்று நாம் பேசிக்கொண்டிருப்பதற்கும் காரணம் அதுதான்.

ஆக, இப்போது லீவரை 'எம்'-இல் போட்டு நீங்கள் செய்ய முடியாத எதையும் பேடில் புதிதாகச் செய்து தராது. அதனால் பணம் செலவழிக்கும் முன் சில நாள் லீவரிலேயே ஓட்டிப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். புதுச்சேரியிலிருந்து அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் வழியாகக் கடலூர் வருகிற சாலை சமதளம், சிக்னலும் கூட்டமும் அதிகம். அங்கே 'டி' போதும், பேடிலுக்கு வேலையே இல்லை. கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி போய்ப் பாருங்கள். அரவை நேரத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் முன்னால் போகும், எதிரே பஸ் வரும், முந்துவதற்குக் கிடைப்பது கொஞ்ச இடம்தான். 'டி'-யில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திவிட்டு கியர் இறங்கும் வரை காத்திருப்பதற்குப் பதில், வண்டியை வெளியே எடுக்கும் முன்பே ஒரு கியர் இறக்கி, ஆர்பிஎம் ஏறிய நிலையில் தயாராக இருந்தால் சட்டென்று முந்திவிட்டு உள்ளே வந்துவிடலாம். ஏஎம்டி, அதாவது மேனுவல் கியர்பாக்ஸையே கம்ப்யூட்டர் மாற்றுகிற வண்டி, வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய உதவி, ஏனென்றால் அதில் கியர் மாறும்போது வருகிற அந்த இடைவெளியை முந்தத் தொடங்கும் முன்பே முடித்துக்கொள்ளலாம்.

இன்னொரு இடம் மலை இறக்கம். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். 2-வது கியரில் வைத்து இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்க வேண்டும். இங்கே பேடில் இருந்தால் கை ஸ்டியரிங்கை விட்டு எடுக்க வேண்டாம். ஆனால் ஸ்டியரிங்கோடு சேர்ந்து சுற்றுகிற பேடில் என்றால், கொண்டை ஊசியில் பாதி சுற்று சுற்றியதும் இடது பேடில் வலப்பக்கம் வந்துவிடும். கியரை வளைவுக்கு முன்பே இறக்கிவிடுவதே நல்லது.

தவறாகத் தட்டினால் கியர்பாக்ஸ் போய்விடுமா என்று பலர் பயப்படுகிறார்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் 1-வது கியர் கேட்டால் கம்ப்யூட்டர் மறுத்துவிடும். வண்டி நின்றால் தானாக 1-க்கு வந்துவிடும். சிவிடி என்கிற பெல்ட் வகை ஆட்டோமேட்டிக்கில் உண்மையில் கியரே இல்லை, படிப்படியாக நிற்பது போலக் கம்ப்யூட்டர் காட்டுகிறது. ஹோண்டா சிட்டி சிவிடி-யில் அப்படி 7 படி. அதிலும் இறக்கத்தில் இஞ்சின் பிடிப்பு நன்றாகவே கிடைக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். லீவர் சுவிட்சுக்குப் போகிற வயர்களோடு பேடில் சுவிட்ச் வயரையும் இணையாகச் சேர்ப்பதுதான் எளிய வழி. கியர் கன்சோலைக் கழற்றி மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் எது பிளஸ், எது மைனஸ், எது எர்த் என்று தெரிந்துவிடும். இப்படிச் செய்தால் பெரும்பாலும் லீவர் 'எம்'-இல் இருக்கும்போது மட்டும்தான் பேடில் வேலை செய்யும். கம்பெனி பொருத்திய பேடில் பல வண்டிகளில் 'டி'-யில் இருக்கும்போதே தட்டினால் கியர் மாறி, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக 'டி'-க்குத் திரும்பிவிடும். அது வேண்டும் என்றால் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரிலும் அந்த வசதி இருக்க வேண்டும். சில புதிய வண்டிகளில் ஸ்டியரிங் பட்டன் எல்லாமே டேட்டாவாகத்தான் போகும், அங்கே இணையாக வயர் போடுவது நடக்காது. டாப் வேரியன்ட்டின் பேடில், ஸ்டியரிங் மாட்யூல் எல்லாம் வாங்கி, ஸ்கேனர் மாட்டிக் கோடிங் செய்ய வேண்டும்.

இதில் உண்மையான கஷ்டம் கியர்பாக்ஸ் பக்கம் இல்லை, ஸ்டியரிங் பக்கம். சுற்றுகிற ஸ்டியரிங்கிலிருந்து அதைத் தாங்குகிற, சுற்றாத கம்பத்துக்கு வயர் எப்படி வரும்? ஏர்பேக்குக்குக் கீழே கிளாக் ஸ்பிரிங் என்று வட்டமான பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. அதற்குள் நாடா போன்ற தட்டையான கேபிள் சுருண்டிருக்கும், ஸ்டியரிங் சுற்றச் சுற்ற அது விரிந்து சுருங்கும். ஹாரன், ஆடியோ பட்டன், ஏர்பேக் மூன்றுக்கும் அதுதான் வழி. உங்கள் வேரியன்ட்டின் கிளாக் ஸ்பிரிங்கில் மிச்ச வயர் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் டாப் வேரியன்ட்டின் கிளாக் ஸ்பிரிங்கையே வாங்க வேண்டும். ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் சேசிஸ் நம்பரைக் கொடுத்து இரண்டு வேரியன்ட்டுக்கும் பார்ட் நம்பர் ஒன்றா என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். மாட்டும்போது முன் சக்கரம் நேராக இருக்க வேண்டும், கிளாக் ஸ்பிரிங் நடுவில் நிற்க வேண்டும். கொஞ்சம் தள்ளி மாட்டினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது உள்ளே கேபிள் அறுந்து, ஹாரன் அடிக்காது, ஏர்பேக் விளக்கு எரியும்.

அந்த விளக்கு எரிகிறது என்றால் விபத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம். 2019 ஜூலையிலிருந்து ஓட்டுநர் ஏர்பேக் எல்லாப் புதுக் காரிலும் கட்டாயம், அது உயிரைக் காப்பாற்றுகிற சாமான் என்பதால்தான். ஆகவே இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கை வைக்கும் முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, அந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் சொல்கிற நேரம் வரை காத்திருக்க வேண்டும். மஞ்சள் நிற கனெக்டர் ஏர்பேக்குடையது, அதில் மல்ட்டிமீட்டர் முனையை வைக்கவே கூடாது, மீட்டரிலிருந்து வருகிற சின்னக் கரன்ட்டே அதை வெடிக்க வைக்கக்கூடும். கழற்றிய ஏர்பேக்கை மூடி மேலே பார்த்தபடி வைக்க வேண்டும், கவிழ்த்து வைத்து வெடித்தால் அது கூரை வரை எகிறும். உங்கள் ஆள் இதையெல்லாம் கேட்காமலே செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பேட்டரியைக் கழற்றாமல் ஸ்டியரிங்கில் கை வைத்தால், வேண்டாம் அண்ணே என்று சொல்லி வண்டியை எடுத்துவிடுங்கள்.

ஆன்லைனில் எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று பசை போட்டு ஒட்டுகிற வயர்லெஸ் பேடில் கிடைக்கிறது. கிளாக் ஸ்பிரிங் தொல்லை இல்லை என்று அதைத்தான் பலரும் கேட்கிறார்கள். நான் மாட்டித் தருவதில்லை. ஏர்பேக் விரிகிற இடத்துக்குப் பக்கத்தில் பசையில் நிற்கிற எதுவும் முகத்தை நோக்கிப் பறக்க வாய்ப்பு உண்டு. மலை இறக்கத்தில் உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. அதைவிட, ஸ்டியரிங் கம்பத்து உறையில் அசையாமல் நிற்கிற மாதிரி பேடில் பொருத்துவது நல்லது. கம்பம் சுற்றாது, அதனால் கிளாக் ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம். இண்டிகேட்டர், வைப்பர் தண்டுகளில் இடிக்காமல் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் இருக்காது.

நம் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். கடற்கரை ஊர், உப்புக்காற்று. வயரை உரித்து முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டைக் கொஞ்ச காலம் கழித்துப் பிரித்தால் செம்பு பச்சை பூத்திருக்கும். கியர் சிக்னல் விட்டு விட்டு வருவதற்கு அது போதும். ஜாயின்ட்டை சால்டர் செய்து, பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டு மூடச் சொல்லுங்கள்.

வாரன்டி இருக்கிற வண்டி என்றால் வெளியில் வயரை வெட்ட வேண்டாம். சர்வீஸ் சென்டரிலேயே கேளுங்கள், மறுத்தால் வாரன்டி முடியும்வரை லீவரிலேயே ஓட்டுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் பணம் கொடுக்கும் முன், சாவியைப் போட்டு ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். அணையாவிட்டாலும் தவறு, எரியவே இல்லை என்றாலும் தவறு. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, ஒடித்த நிலையிலேயே ஹாரன் அடித்துப் பாருங்கள். நேராக ஓட்டும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கக் கூடாது. அப்புறம் காலியான சாலையில் 'எம்'-இல் போட்டு ஒவ்வொரு கியராக ஏற்றி இறக்கி, மீட்டரில் எண் உடனே மாறுகிறதா என்று பாருங்கள். காரின் மாடல், ஆண்டு, லீவரின் படம் மூன்றையும் கீழே கருத்துப் பகுதியில் போட்டால் உங்கள் வண்டிக்கு எந்த வழி சரிப்படும் என்று சொல்கிறேன்.