அப்பாவின் தட்டில் சோறு

வணக்கம் அக்கா,

என் அப்பாவுக்கு 61 வயது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஏதோ வீடியோ பார்த்துவிட்டுச் சோற்றை அடியோடு விட்டுவிட்டார். காலையும் சாயங்காலமும் ராகிக் கஞ்சி, ராத்திரி நாலைந்து சப்பாத்தி. ‘உணவே மருந்து’ என்று சொல்லி, இருபது நாளாக மாத்திரையும் போடுவதில்லை. போன வாரம் சாப்பிட்ட பின் பார்த்தால் 290. சாப்பாட்டை மாற்றினால் சர்க்கரை குறையும் என்பதே பொய்யா?

ஒரு வாசகி, தேனி

அன்புள்ள தோழிக்கு,

முதலில் மாத்திரை. இன்றைக்கே அப்பாவை அவருடைய மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இருபது நாள் விட்டதை மறைக்காமல் சொல்லட்டும். மீதியை வந்து படிக்கலாம்.

பொய்யில்லை. சாப்பாட்டுக்கு அந்தச் சக்தி இருக்கிறது. பிரிட்டனில் ‘டைரக்ட்’ என்று ஓர் ஆய்வு நடந்தது, 2017-இல் முடிவுகள் வந்தன. இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரிதான் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை, நோய் அளவுக்குக் கீழே நின்றது. 15 கிலோவுக்கு மேல் எடை இறங்கியவர்களில் 86 சதவீதம். கல்லீரலிலும் கணையத்திலும் தேங்கிய கொழுப்பு கரைந்ததுதான் காரணம் என்கிறார்கள்.

ஆனால் அவர்கள் எல்லாருமே நோய் தெரிந்து ஆறு வருடத்துக்கு உட்பட்டவர்கள். மாத்திரையை நிறுத்தியதும் மருத்துவர்கள்தான், அதுவும் தொடர்ந்து கவனித்துக்கொண்டே. இரண்டாம் வருடத்தில் அந்த 46, 36 ஆகக் குறைந்தது. ஒன்பது வருடமான உங்கள் அப்பாவுக்கு மாத்திரையே வேண்டாம் என்று ஆகிவிடும் என நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். 290 இறங்கும், அதை நம்பலாம்.

அப்புறம் ஏன் இறங்கவில்லை? இதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். அம்மா சோற்றை விட்டுவிட்டு ராகிக்கு மாறினார். மாவை நைசாக அரைத்து, குழையக் காய்ச்சி, பெரிய சொம்பு நிறைய. இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்தால் 248. அம்மாவின் முகம் வாடிவிட்டது, ‘இத்தனை கட்டுப்பாடாக இருந்துமா’ என்றார். ராகியும் மாவுச்சத்துதான். அரைத்துக் கூழாக்கிவிட்டால் உடம்பு மென்று உடைக்க வேண்டிய வேலையே இல்லை, விறுவிறுவென்று ரத்தத்தில் ஏறிவிடும். சப்பாத்தியும் அப்படித்தான். அரிசி போய் கோதுமை வந்ததே தவிர, ஐந்து சப்பாத்தி ஐந்து சப்பாத்திதான். அடுத்த வாரம் அம்மா இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் என்று சாப்பிட்டார். சுண்டலை முதலில். 171.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு ஒன்று, நாம் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று சொல்கிறது. சென்னையில் இருக்கும் மருத்துவர்கள் முன்நின்று நடத்திய ஆய்வு அது. தானியத்தை மாற்றுவதில் இந்தக் கணக்கு அசையாது. தட்டில் அதன் இடத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, முட்டை, மீன், கீரை, காய் வந்தால்தான் அசையும். சிறுநீரகத்தில் ஏற்கெனவே கோளாறு இருந்தால் மட்டும் பருப்பு, முட்டை அளவை மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். கிளிமெபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து, வேர்த்து, கை நடுங்கி மயங்கிவிழக் கூடும். அதனால்தான் சொல்கிறேன், சாப்பாட்டை மாற்றும்போது மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாத்திரையைக் குறைக்க வேண்டி வந்தால் அவர் குறைப்பார்.

அப்பாவுக்குச் சோற்றைத் திருப்பிக் கொடுங்கள். நம் ஊரில் சோறு இல்லாமல் எழுந்த மனிதருக்குச் சாப்பிட்ட திருப்தியே வராது, அதனால்தான் ராத்திரி சப்பாத்தி ஐந்தாகிறது. மதியம் அளந்து ஒரு கப் சோறு, அதைப் போல இரண்டு மடங்கு பொரியலோ கூட்டோ, கெட்டிப் பருப்பு. காயும் பருப்பும் பாதி வயிற்றுக்குப் போன பிறகு சோற்றில் கை வைக்கட்டும். ராத்திரி இரண்டு சப்பாத்தி, நிறைய காய். கஞ்சிக்குப் பதில் சுண்டல். சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்துவிட்டு வரட்டும்.

சமையலறையில் தினசரி காலண்டர் தொங்கும் அல்லவா? சாப்பிடும் முன் எவ்வளவு, இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு, என்ன சாப்பிட்டார் என்று தாளிலேயே எழுதி வையுங்கள். பதினைந்து நாள் தாள்களையும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். முதல் நாள் சோறு வைத்தபோது அப்பா என்ன சொன்னார் என்பதையும்.

அன்புடன்,
அக்கா