சொல் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்

கேள்வி: மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் அகராதியிலிருந்து பத்துச் சொல், பொது அறிவுப் புத்தகத்திலிருந்து பத்துக் கேள்வி என்று மனப்பாடம் செய்கிறாள். ஒரே வாரத்தில் பாதி மறந்துவிடுகிறது. நாளிதழைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறாள். என்ன செய்தி என்று கேட்டால் விழிக்கிறாள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: மகளின் ஞாபகசக்தியை நினைத்துக் கவலைப்படாதீர்கள். ஒன்றோடொன்று ஒட்டாத பத்துச் சொற்கள் யாருக்கும் தங்காது. ‘உபரி என்றால் மிகுதி’ என்று மட்டும் படித்த பிள்ளை, ‘எனக்கு உபரியாகப் பசிக்கிறது’ என்றுதான் எழுதும்.

வாசித்தும் புரியாததற்கும் இதுவே காரணம்: செய்தி எதைப் பற்றியதோ அந்த விஷயத்தோடு ஒட்டிய அறிவு இல்லை. 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் விவரணையை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட, வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்தவர்களுக்கே அதிகம் புரிந்தது.

ஆகவே, மூன்று வாரத்துக்கு ஒரே பொருள். உங்கள் ஊருக்குக் காவிரியைவிடப் பொருத்தமானது இல்லை. முதல் வாரம் பக்கத்து வாய்க்காலுக்கு அழைத்துப் போய் மதகு, மடை, ஷட்டர், வண்டல் எல்லாவற்றையும் நேரில் காட்டுங்கள். அடுத்த வாரம் வரைபடம். தலைக்காவிரி, 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணை, முக்கொம்பு, கல்லணை, பூம்புகார் என்று ஆற்றை அவளே வரையட்டும். கல்லணையில் பிரியும் தண்ணீர் எந்த வழியாக உங்கள் ஊருக்கு வருகிறது என்பதையும் அவளே கண்டுபிடிக்கட்டும்.

மூன்றாம் வாரம் நாளிதழ். மேட்டூரின் முழுக் கொள்ளளவு 120 அடி உயரத்தில் 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. வினாடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் ஒரு டி.எம்.சி. தண்ணீர் வெளியேறும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு ‘உபரிநீர் திறப்பு, கரையோர மக்களுக்கு எச்சரிக்கை’ என்ற தலைப்பை யாரும் விளக்க வேண்டாம்.

சொற்கள் வாரத்துக்கு ஆறு போதும். நோட்டில் சொல், அதைப் பார்த்த இடம், அதோடு சேர்ந்து வரும் வினை (மதகைத் திற, மதகு உடைந்தது), சொந்த வாக்கியம் ஒன்று. மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், மூன்று வாரம் கழித்து நோட்டை மூடிவிட்டுக் கேளுங்கள். திரும்ப வாசிப்பதில் பலன் குறைவு; யோசித்து எடுத்துச் சொல்லும்போதுதான் மனதில் பதியும். வார இறுதியில் பாட்டிக்கோ அப்பாவுக்கோ மூன்று நிமிடம் புத்தகமில்லாமல் விளக்கச் சொல்லுங்கள்.

பெற்றோர் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிள்ளை தடுமாறிய உடனே பொருளைச் சொல்லிவிடுகிறோம். பத்தி முடியும்வரை பொறுங்கள். தெரியாத சொல்லின் கீழ் பென்சிலால் கோடு போட்டு வைக்கட்டும். ஒரே பத்தியில் நாலைந்து கோடு விழுந்தால் அந்தக் கட்டுரையை நீங்களே உரக்க வாசித்துக் காட்டுங்கள். ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாள் என்று கூச்சப்பட வேண்டாம்.

பொது அறிவுப் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று வாரம் முடிந்ததும் அதில் ஆறு, அணை பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக் கேளுங்கள். அடுத்த பொருள் நெல்லாக இருக்கட்டும்: குறுவை, சம்பா, நாற்றங்கால் என்று போகும்போது மடையும் வண்டலும் தாமாகவே திரும்ப வரும்.